மங்கையர்க்கரசியின் பிரஷர்

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்குப் பிரஷர் பார்க்க வேண்டுமென்றால், நர்ஸ் மங்கையர்க்கரசி முதலில் தன் கையில் பட்டையைக் கட்டிக் காட்ட வேண்டும். சிலோனிலிருந்து வந்து குடியேறிய சனம். புதுச் சாமான் எதைக் கண்டாலும் மிரளும். சும்மா இரண்டு அமுக்கு அமுக்கி, "பாருங்க, வலிக்கல" என்பாள். ஸ்டெதஸ்கோப்பை மாட்டித் தன் அளவை ஒருபோதும் கேட்டதில்லை. "காதுல வச்சுக் கேளுங்க மிஸ்ஸி, அப்பதான் நம்புவேன்" என்று பால்வெட்டும் அன்னம்மாள் அடம்பிடித்த அன்றைக்குத்தான் கேட்டாள். மேலே நூற்றுத் தொண்ணூறு, கீழே நூற்றிருபது.

வயது இருபத்தாறு. தினம் பத்து மைல் நடை. கிள்ளி எடுக்க உடம்பில் சதை கிடையாது. இவளுக்கா பிரஷர்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, இளவயதுக்காரர் ஒருவருக்கு இந்த அளவு காட்டுகிறது, கருவி கெட்டுவிட்டது என்று எழுதி அதை அடுத்த கப்பலில் போர்ட் பிளேருக்கு அனுப்பிவைத்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கருவி திரும்பியது. கூடவே டாக்டர் கோவிந்தராஜின் கடிதம். கருவியில் கோளாறு இல்லை. அந்த அளவு யாருடையது? இந்த வயதில் ஏன் என்று பார்க்க வேண்டும், ஆளை உடனே அனுப்பவும்.

யாருடையது என்று சொல்வதாம்? சொன்னால் தீவு வேலைக்கு லாயக்கில்லை என்று மாற்றிவிடுவார்கள். மெயின்லாந்தில் அவளுக்கென்று ஒரு வாசல் இல்லை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், அண்ணன் பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவதோடு சரி. இங்கே என்றால் வீட்டுக்கு வீடு யாராவது கையை நீட்டுவார்கள். அந்தக் கைகளைப் பிடித்தே நாலு வருஷத்தை ஓட்டியிருந்தாள். இதுவும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

தன் கையால் அமுக்குவதால்தான் ஏறுகிறதோ என்று ஒரு நப்பாசை. அன்னம்மாளைக் கூப்பிட்டு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள். அதே நூற்றுத் தொண்ணூறு.

"கூடவா மிஸ்ஸி?"

"கூடத்தான்."

"எதனால?"

"தெரியல அன்னம்மா. கப்பலேறி போர்ட் பிளேர் போயித்தான் பாக்கணும்."

"எங்களுக்குன்னா இந்நேரம் ஜஹாஸ்ல ஏத்தியிருப்பீங்க. ஒங்கள யாரு கூட்டிட்டுப் போவா? நான் வந்துருவேன், இந்தக் கைப்புள்ளய எங்க போட்டுட்டு வர?"

"நீ எதுக்கு? நானே போயிருவேன்" என்றாள். ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம் என்று இருக்க அவளால் முடியவில்லை.

அன்னம்மாள் போனபின் கப்பலுக்கான படிவத்தை எடுத்தாள். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் மங்கையர்க்கரசி என்று எழுதினாள். இவ்வளவு பிரஷர் உள்ளவரைத் தனியே அனுப்பக் கூடாது என்பது விதி. ஆள் இல்லாதவர்களுக்கு அவளேதான் துணை. பதினோரு பேரை அப்படிக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் விட்டிருக்கிறாள். துணைக்கு வருபவர் என்ற இடத்திலும் பழக்கதோஷத்தில் பேனா ஓடிவிட்டது. மங்கையர்க்கரசி.

அடித்துவிடலாம் என்று அதன்மேல் பேனாவை வைத்தாள். அடித்துவிட்டு யார் பெயரை எழுதுவது? அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள்.