லேசான நைட்ரஜன்

துலாரே ஊரில் பால்பண்ணை வைத்திருக்கும் நார்பெர்ட்டோவுக்குப் பக்கத்தில் ஓடும் நெடுஞ்சாலை என்றாலே ஆகாது. ஒன்பது வயது மகள் கிளாரிஸுக்கு மூச்சுத் திணறல். அதற்கு லாரிப் புகைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். குழந்தையைக் கடலோரத்துப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காற்றைச் சோதித்துச் சொல்லச் சொல்லித் தங்கை இடலீனாவின் உயிரை எடுத்தான்.

"லாரிதான்னு எழுதிக் குடு. மீதிய வக்கீல் பாத்துக்குவாரு."

இடலீனாவுக்கு ஆய்வகத்தில் காற்றைச் சோதிப்பதுதான் பிழைப்பு. குழந்தையின் அறைக்கு மேலே கூரையில் வடிகட்டித் தாள்களை வைத்து, பனிமூட்டக் காலம் முழுக்கத் தூசி பிடித்தாள். அந்தத் தூசியில் பெரும்பங்கு அமோனியா வாயுவிலிருந்து உண்டாவது; அமோனியாவில் இருப்பது நைட்ரஜன். நைட்ரஜன் எல்லாம் ஒரே எடை அல்ல. வண்டி கக்கும் அமோனியாவில் கனத்த நைட்ரஜன் சற்றுக் கூடுதல், சாணமும் மூத்திரமும் விடுவதில் குறைவு. ஆய்வகத்தில் பின்னதை 'லேசு' என்பார்கள். முடிவைப் பார்த்ததும் நம்பாமல் மறுபடி சோதித்தாள். அதேதான் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் லிங்குயிசா என்னும் பன்றித் தொத்திறைச்சியை வறுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்லுது உன் மிஷினு?"

"ரொம்ப லேசா இருக்குண்ணே." ஆய்வகத்துப் பேச்சு, வாய்தவறி வந்துவிட்டது.

"லேசாத்தானா? அப்ப பயமில்லன்னு சொல்லு."

அவள் வாய் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டான். "பாப்பா, துணிய எடுத்து வை. காத்து சரியாயிடுச்சாம். அத்தையே சொல்லிட்டா."

மறுமுனையில் குழந்தை போட்ட கூச்சல் அடுப்படி முழுக்கக் கேட்டது. அண்ணன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கே அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"அண்ணே, லேசுன்னா கொஞ்சம்னு இல்ல. நான் எடையச் சொன்னேன். லாரியிலேருந்து வர்றது கனம். லேசா இருக்கறது மாட்டுலேருந்து வர்றது. தூசு ஒண்ணும் குறையல."

"யார் மாடு?"

"அவ ஜன்னலுக்கு எதிர்ல வேற யார் மாடுண்ணே நிக்குது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. போன் காதிலேயே இருந்தது.

"அப்பா, எப்ப வருவ?"

"நீ அங்கயே இரு பாப்பா."

"ஏன்? லாரி இன்னும் போவுதா?"

"லாரி இல்லம்மா. அப்பாதான்."

குழந்தைக்குப் புரியவில்லை. "அப்பாதான் என்ன? அப்பாதான் என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.