கத்தியில் விட்ட எண்ணெய்

ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து எழுந்த தோட்டக்காரரால், செடி ஒட்டுக்கட்டும் தன் மடக்குக் கத்தியைத் திறக்க முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "கையில சத்தே போயிடுச்சும்மா. நாளைக்கே வேலையை விட்டுடறேன்."

அவளுக்குத் திக்கென்றது. கத்தி துருப்பிடிக்கக் கூடாதே என்று, அவர் படுத்திருந்த நாளெல்லாம் அதன் அச்சில் சமையல் எண்ணெயை விட்டு வந்தவள் அவள்தான்.

அவர் குளிக்கப் போனதும், தையல் மெஷின் திருப்புளியால் அச்சின் திருகாணியைக் கழற்றினாள். உள்ளே எண்ணெய் பிசினாக இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி ஓட்டைக்குள் விட்டு எடுத்தாள். மெஷின் எண்ணெயில் ஒரே ஒரு சொட்டு விட்டு, திருகாணியை அளவாக முடுக்கினாள்.

திரும்பி வந்தவர் கட்டைவிரலால் தள்ளினார். கத்தி வழுக்கிக்கொண்டு திறந்தது.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கடவுளுக்குத் தெரிந்ததை இவரிடம் மறைப்பானேன்?

"தப்பு என்னோடதுங்க. சமையல் எண்ணெயை ஊத்திட்டேன், இறுகிடுச்சு. இப்பத்தான் கழட்டித் துடைச்சேன்."

"அடிப்பாவி, கத்தியைப் பொரிச்சு எடுத்துட்டியா!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தித் தன் கையைப் பார்த்தார்.

"அப்போ கை நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தாங்க இருக்கு."

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் வாசலில் திரும்பினார். "சாயங்காலம் கத்தரிக்கோலையும் கொண்டு வரேன். பொரிக்காம குடு."