வற்றாத செம்பு

உத்தமபாளையத்திலிருந்து தினமும் காலை பஸ் ஏறி சுருளிப்பட்டிக்குப் போய் அறிவியல் பாடம் நடத்திவந்த ரிஸ்வானாவை, பாடத்துக்காக மட்டும் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. மேஜிக் டீச்சர் என்றால்தான் பள்ளத்தாக்கில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆண்டு விழா, நூலக வாரம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடி ஊசி குத்திக்கொண்டு மேடையேறுவாள். மற்றவர்கள் நீளமான கறுப்புக் கோட்டுக்குள் ஒளிப்பதையெல்லாம் இவள் எங்கே ஒளிக்கிறாள் என்று முன்வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக்கூடப் பிடிபட்டதில்லை.

அவள் வித்தை கற்றதே தபாலில்தான். தொடுபுழாவில் ஒரு மேஜிக்காரர் மாதம் ஒரு பாடமாக அச்சடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் மலையாளம். ரிஸ்வானாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அவள் கணவன் ஷானவாஸ் ஏலக்காய் வியாபாரி. வாரத்தில் மூன்று நாள் குமுளியிலும் வண்டன்மேட்டிலும் இருப்பவன். அவனுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. சாயங்காலம் தொழுதுவிட்டு வந்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு அவன் வாசித்துச் சொல்வான். அவள் எதிரே நின்று செய்துபார்ப்பாள். "இல்ல புள்ள, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுலன்னு போட்டிருக்கான்" என்று திருத்துவான். நாணயம் கட்டிலுக்கு அடியில் உருண்டோடும். இருவரும் குனிந்து தேடுவார்கள். இப்படி இரண்டு வருடம் போனது.

முதல் பாடத்தின் முதல் பக்கத்தில் ஒரு உறுதிமொழி இருந்தது. பார்வையாளரிடம் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்று. ஷானவாஸ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அவள் வலது கையை உயர்த்திக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.

அந்த நாட்களிலேயே அவள் அவனிடம் இன்னொன்றையும் சொல்லியிருந்தாள். ஒரு நோன்பு மாதம். விடியுமுன் சாப்பிடும் சஹர் உணவை முடித்துவிட்டுப் பாத்திரங்களை எடுத்துவைத்தவள் சட்டென்று, "மச்சான், தொழும்போது எனக்கு எதுத்தாப்புல யாரும் இருக்கிற மாதிரி தோணல. ரொம்ப நாளா இப்படித்தான். பொய்யா நிக்கிறேன்" என்றாள். பெரிய துக்கம் எதுவும் நேர்ந்து வந்த சந்தேகமல்ல அது. கிணற்றில் நீர் இறங்குவதுபோல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒருநாள் தரை தெரிந்துவிட்டது.

ஷானவாஸ் அன்று ஏலக்காய் மூட்டைகளோடு குமுளிக்குப் போய்வந்தான். மறுநாள்தான், "பொய்யா நிக்க வேணாம். உனக்கும் சேத்து நான் கேட்டுக்கிறேன்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. மேடைக்குப் போகும்போது அவளுடைய பெட்டியைத் தூக்கிவருவதையும் நிறுத்தவில்லை.

2004ஆம் வருடம் கோடையில் சுருளிப்பட்டி பள்ளி ஆண்டு விழா நடந்தது. பள்ளத்தாக்கு காய்ந்துகிடந்த வருடம். தொடர்ந்து மழை பொய்த்து, கிணறுகளில் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. ரிஸ்வானா அன்று கடைசியாகச் செய்தது வற்றாத செம்பு. ஒரு பித்தளைச் செம்பிலிருந்த நீரைப் பக்கெட்டில் முழுக்கக் கவிழ்ப்பாள். தலைகீழாக உலுக்கிக் காட்டுவாள். ஒரு சொட்டு விழாது. மேஜைமேல் வைத்துவிட்டு வேறு ஏதோ பேசுவாள். திரும்ப எடுத்துக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டும். ஏழு முறை கொட்டியது. வழக்கமாக மூன்றாவது முறையே கைத்தட்டல் வரும். அன்று ஏழாவது முறையிலும் யாரும் தட்டவில்லை. மைதானம் முழுக்க அந்தப் பக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்த தட்டு.

"டீச்சரம்மா, நான் இருளம்மா. சுருளிப்பட்டி. என் மக ஒங்ககிட்ட ஏழாப்பு படிக்கிறா."

உள்ளே வந்து உட்கார மறுத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். ரெண்டு ஏக்கர் நிலம். போர் ரெண்டு போட்டாயிற்று. இரண்டிலும் புகைதான் வந்தது. மூன்றாவதாக ஒன்று போடப் போகிறார்கள். அதற்காகக் கறவை மாடு இரண்டையும் விற்பதாக முடிவு. வியாழக்கிழமை போர் வண்டி வருகிறது.

"எங்கன போடணும்னு நீங்க வந்து கையை வச்சுக் காட்டுனாப் போதும். ஒங்க கையில தண்ணி இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"அக்கா, அது வித்தை. சும்மா வெளையாட்டு."

"அப்படித்தான் சொல்வீக. வரம் வாங்குனவுக வெளிய சொல்ல மாட்டாக." இருளம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ரிஸ்வானாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நனைந்த கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஒங்க அல்லா குடுத்தாகளோ, எங்க கருப்பன் குடுத்தாகளோ. யாரோ குடுத்திருக்காகள்ல?"

ரிஸ்வானா கையை உருவிக்கொள்ள ஒரு நொடி தாமதித்தாள். அந்த ஒரு நொடியைப் பின்னால் பலமுறை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். அந்தக் கண்ணீரின் சூடு உள்ளங்கையில் பட்டபோது அவளுக்கு நன்றாக இருந்தது. எத்தனை கைத்தட்டலிலும் வராத ஒரு சுகம். கூடவே பொறாமையும் வந்தது. இந்த உலகத்தில் எதன்மீதும் தனக்கு இப்படியொரு நம்பிக்கை இல்லையே என்று.

பிறகுதான் கோபம் வந்தது.

"யாரும் குடுக்கல அக்கா. பதினாலு மாசம் பழகினேன். தினம் ரெண்டு மணி நேரம். இந்தக் கட்டைவிரல் வீங்கிப்போய் சோறு பிசைய முடியாமக் கெடந்திருக்கேன். அதையெல்லாம் யாரோ குடுத்தாகன்னு சொல்லாதீக."

இருளம்மாள் சிரித்தாள். நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. "வியாழக்கெழமை வெள்ளனே வண்டி வந்துரும். வந்துருங்க டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஷானவாஸ் உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"போகலன்னா என்னாகும்?" என்றான்.

"அவுகளா ஒரு எடத்தப் பாத்துப் போடுவாக. மாடு போகும்."

"போனா?"

"என் பேரைச் சொல்லிப் போடுவாக. அப்பவும் மாடு போகும்."

"அப்ப ரகசியத்தைக் காட்டிரு."

"கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிருக்கேன் மச்சான். நீங்கதான சொல்லிக்குடுத்தீக."

"நான்தான். அதுல எழுதியிருந்தது பாக்க வந்தவுகளப் பத்தி. அந்தம்மா இப்ப பாக்க வந்த ஆளா? மாட்டை விக்கப் போற ஆளு." பிறகு சற்றுத் தயங்கிச் சொன்னான்: "நான் அல்லாவை நம்புறவன். ஆனா ஒருத்தர் ஒன் கட்டைவிரலை அல்லான்னு நெனச்சுக்கிட்டா எனக்குப் பொறுக்காது."

புதன்கிழமை பள்ளி முடிந்ததும் ரிஸ்வானா செம்பை எடுத்துக்கொண்டு இருளம்மாள் வீட்டுக்குப் போனாள். இருளம்மாளின் கணவன் மொக்கைச்சாமி மாட்டுக்குச் சோளத்தட்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். செம்பை அவர்கள் முன்னால் வைத்துக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், மறுபடி கவிழ்த்தாள். இருவரும் கும்பிடப்போன நேரத்தில் செம்பைத் திருப்பி, விளிம்புக்குக் கீழே கடுகளவு இருந்த துளையைக் காட்டினாள்.

"இது ஒரு செம்பில்ல அக்கா, ரெண்டு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நடுவுல உள்ள சந்துலதான் தண்ணி இருக்கு. இந்த ஓட்டையைக் கட்டைவிரலால அடைச்சா காத்து உள்ள போகாது. காத்து போகலன்னா தண்ணி எறங்காது. கவுத்தாலும் நிக்கும். நிமித்தி வெரலை எடுத்தா அடியில உள்ள வழியா உள்செம்புக்கு எறங்கிரும். அவ்வளவுதான்."

மொக்கைச்சாமியின் முகம் தொங்கிப்போனது. "இதுக்குத்தானா?" என்றபடி எழுந்து மாட்டிடம் போய்விட்டான்.

இருளம்மாள் எழவில்லை. "இங்கன குடுங்க" என்று செம்பை வாங்கினாள். துளையை விரலால் தடவினாள். நீர் நிரப்பி, கட்டைவிரலை வைத்துக் கவிழ்த்தாள். மடியெல்லாம் நனைந்தது. மறுபடி நிரப்பினாள். மறுபடி நனைந்தது. ஐந்தாவது தடவை, உள்செம்பு நீர் கொட்டி முடிந்தபின் கவிழ்த்த செம்பிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. அப்படியே பிடித்திருந்தாள். பிறகு செம்பை நிமிர்த்தி, மெதுவாக விரலை எடுத்தாள். உள்ளே களக் என்ற சத்தத்தோடு நீர் இறங்கியது.

"ஆத்தாடி!" என்றாள். "காத்தா புடிச்சு நிறுத்துது? இந்தா, நம்ம மூச்சு விடுற இந்தக் காத்தா?"

ரிஸ்வானாவுக்குச் சிலிர்த்துப்போனது. அவள் எதிர்பார்த்தது ஏமாற்றத்தை. மொக்கைச்சாமி முகத்தில் இருந்ததுபோன்ற ஒன்றை. இருளம்மாளின் முகமோ மைதானத்தில் இருந்ததைவிட இப்போது விரிந்திருந்தது.

"அப்ப பூமிக்குள்ள இருக்கிற தண்ணியை எது புடிச்சு வச்சிருக்கு, டீச்சரம்மா?"

வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்டிராத கேள்வி. ரிஸ்வானா பாறையைப் பற்றி, பாறையில் விழும் வெடிப்புகளைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள். "ஆனா ஒங்க நெலத்துல எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுக தேனியில இருக்காக. கேப்போம்."

வியாழக்கிழமை வந்த போர் வண்டியை இருளம்மாளே திருப்பி அனுப்பினாள். மொக்கைச்சாமி நான்கு நாள் அவளோடு பேசவில்லை. அந்த வாரமே பெண்கள் இருவரும் தேனிக்குப் போய், நிலத்தடி நீர் பார்க்கும் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு அதிகாரி வந்தார். இரும்புக் கம்பிகளை நிலத்தில் அடித்து, வயரைக் கோத்து, ஒரு பெட்டியில் முள் ஆடுவதைப் பார்த்து எழுதிக்கொண்டே போனார். இருளம்மாள் அவர் பின்னாலேயே நடந்து, ஒவ்வொரு கம்பிக்கும் கேள்வி கேட்டாள். கடைசியில் அவர் சொன்னது இதுதான்: இந்த ரெண்டு ஏக்கரில் எங்கே துளைத்தாலும் பயனில்லை. பழைய கிணற்றைத் தூர்வாருங்கள். மழை வந்தால் அதில்தான் நீர் நிற்கும்.

மாடுகள் தப்பின. கிணற்றைத் தூர்வாரினார்கள். அந்த வருடம் ஐப்பசியில் மழை பெய்தது. கிணற்றில் முக்கால்வாசி நீர் ஏறியது. இருளம்மாள் கருப்பனுக்குப் பொங்கல் வைத்தாள். ரிஸ்வானாவுக்கும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மழை கருப்பன் குடுத்தது. அதுல நீங்க பேசக்கூடாது. போர் போடாம விட்டது நாம ரெண்டு பேரும். அதுல கருப்பன் பேச முடியாது."

ரிஸ்வானா வயிறு வலிக்கச் சிரித்தாள்.

இத்தனைக்கும் நடுவில் இருளம்மாள் செம்பை விட்டபாடில்லை. ரிஸ்வானா தன்னிடமிருந்த இரண்டாவது செம்பை அவளிடமே கொடுத்திருந்தாள். பால் கறந்து முடித்த கையோடு தொழுவத்திலேயே பழகினாள். 2005 ஜனவரியில் பள்ளியில் பெற்றோர் விழா. இருளம்மாளே வந்து கேட்டாள்: "நான் மேல ஏறட்டுமா?"

பிற்பகல் வெயிலில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் மேடையில் நின்றாள். ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் முறை கவிழ்த்தாள், கொட்டியது. செம்பை உலுக்கினாள், சொட்டில்லை. இரண்டு, மூன்று, நான்கு. "ஏலே, நம்ம இருளம்மாடா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். ஏழாவது முறை கொட்டியதும் கைத்தட்டல் எழுந்தது. அவள் கையைக் காட்டி அமர்த்தினாள்.

"போன வருசம் இதே எடத்துல நான் இதைப் பாத்து அழுதேன். டீச்சர் கையில சாமி இருக்குன்னு நெனச்சேன். இப்ப பாருங்க."

துளையைக் காட்டினாள். கட்டைவிரலைக் காட்டினாள். காற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னாள். உறுதிமொழி எடுத்தது இருளம்மாள் அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரிஸ்வானா மேடையோரத்தில் நின்றாள். கூட்டம் எழுந்து போய்விடும் என்றுதான் நினைத்தாள். இருளம்மாள் செம்பை மறுபடி நிரப்பி, உள்செம்பில் இருந்ததைக் கொட்டிவிட்டு, கட்டைவிரல் எல்லோருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, மெதுவாகக் கவிழ்த்தாள். தண்ணீர் நின்றது. எப்படி நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மைதானம் ஒரே குரலாக "ஆ!" என்றது.

மொக்கைச்சாமி எழுந்து நின்றுவிட்டான். பக்கத்திலிருந்தவனின் தோளை உலுக்கி, "எம் பொஞ்சாதிடா! எட்டு மாசம் பழகியிருக்கா!" என்றான். அவன் குரல் மேடைவரை கேட்டது. இருளம்மாள் காதில் விழாததுபோல் நின்றாலும், தோள் இரண்டும் நிமிர்ந்துகொண்டன.

கூட்டம் கலைந்ததும் ஷானவாஸ் பெட்டியைப் பைக்கில் கட்டினான். கம்பத்தில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டதால் பள்ளிவாசல் முன்னால் நிறுத்தினான். அவன் தொழுதுவிட்டு வரும்வரை ரிஸ்வானா எதிரிலிருந்த கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள். கிழக்கே மேகமலையில் கடைசி வெளிச்சம் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துவைத்திருந்தது. எந்தக் கேள்வியும் இல்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷானவாஸ் குல்லாவை மடித்துப் பையில் வைத்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "என்ன, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"எல்லாம் தெரிஞ்சும் 'ஆ'ன்னாகளே மச்சான். அப்ப எனக்கு ஒடம்பெல்லாம் ஒருமாதிரி ஆயிருச்சு. அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை வருசமும் நின்னேன்போல. இதுவரைக்கும் அது தெரியல."

"தொழும்போது எனக்கும் சில நாள் அப்படி ஆகும்."

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒனக்குள்ள வந்து பாத்தாத்தான உண்டு." அவன் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்ச டீயைக் குடித்தான். "ஆனா ஒண்ணு. அந்தம்மா மேடையில நின்னப்போ, அது என் வீட்டுக்காரி சொல்லிக்குடுத்ததுன்னு எந்திரிச்சுக் கத்தணும்போல இருந்துச்சு. மொக்கைச்சாமி முந்திக்கிட்டாரு."

அவள் சிரித்தாள். கடைக்காரர் இன்னொரு டீ போடவா என்று கேட்டார். போடச் சொல்லிவிட்டு, இருவரும் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.