உடையாத மஞ்சள் கோடு

யாகப்பன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்ரோல் போடச் சொல்வான். டெனிசன் என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். கார் கம்பெனியில் எட்டு வருடம் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று போல்ட் முறுக்கினவர்கள், கான்ட்ராக்ட் முடிந்து ஒரே நாளில் வெளியே வந்தவர்கள். டெனிசன் ஒரகடம் ரோட்டில் கார் ஏசி கடை போட்டான். யாகப்பன் ஒரு பழைய காரை வாங்கி, சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலில் தங்கியிருந்த தெற்கத்திப் பெண்களை வல்லம் வடகால் கம்பெனிக்கு ஏற்றி இறக்கிப் பிழைத்தான். அவன் மகள் பெனிட்டாவுக்கு ஞானத்தகப்பனும் டெனிசன்தான்.

அந்தக் காரில் ஏசி படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை சோதனை, ஏசி ஓடாத வண்டிக்கு இனி டிரிப் கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். யாகப்பன் ஏசிக்குப் புது கம்ப்ரஸர் வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் டெனிசனிடம் கொடுத்தான்.

“நீ இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற மச்சான்? வூட்டுக்குப் போ, சாயங்காலம் வா,” என்றான் டெனிசன்.

சாயங்காலம் வண்டி ஜில்லென்றிருந்தது. யாகப்பன் பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. ஷிஃப்ட் விடுகிற நேரம், கேட்டருகே சூப்பர்வைசர் ஹேமந்த் வண்டிக்குள் கையை நீட்டினார். அனல் அடித்தது.

“ஸாரி யாகப்பன். வேற வண்டி ரெடியா இருக்கு, வரச் சொல்றேன்,” என்று போனை எடுத்துக்கொண்டு போனார்.

யாகப்பன் பானெட்டைத் திறந்தான். கம்ப்ரஸர் புதுக் கருப்பில் மின்னியது. துணியால் துடைத்தான். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட் தோல் தோலாக உரிந்து, அடியில் மஞ்சள் கோடு தெரிந்தது.

லைனில் போல்ட்டை முறுக்கியதும், அதன் தலையிலிருந்து பாகத்தின் மேல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள். போல்ட் திரும்பினால் கோடு உடைந்துவிடும். கார் வாங்கின புதிதில் பழக்கதோஷத்தில் யாகப்பன் இழுத்த கோடுகள் இவை. நாலும் உடையாமல் இருந்தன. பாவி, கழற்றவே இல்லை. மூன்று நாளில் ஒழுகித் தீர்ந்துபோகிற காஸை மட்டும் நிரப்பி அனுப்பியிருக்கிறான்.

ஹேமந்த் கூப்பிட்ட வண்டி வந்து நின்றது. அதே பழைய மாடல். இறங்கியவன் டெனிசன்.

“பானெட்டத் தொற.”

டெனிசன் திறந்தான். உள்ளே யாகப்பன் வாங்கிய கம்ப்ரஸர். நாலு போல்ட்டிலும் ஈரம் காய்ந்த புது மஞ்சள் கோடு. அவனுக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை.

“கட ஓடல மச்சான். ஒரு டிரிப் கெடச்சா பொழச்சிக்கலாம்னு... உனக்கு அப்பால மாத்திக் குடுத்துருப்பேன்.”

டெனிசன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் யாகப்பனே அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்திருப்பான். அதுதான் தாங்கவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த ஹாஸ்டல் பெண்களில் ஒருத்தியான பேச்சி தயங்கி நின்றாள். “அண்ணாச்சி, நாங்க அந்த வண்டில ஏறிக்கிடவா?”

“ஏறும்மா. அதுல நல்லா குளிரும்.”

பெண்கள் ஏறினார்கள். டெனிசன் தலையைத் தூக்காமல் சொன்னான்: “ஞாயித்துக்கெழம பெனிட்டாவுக்கு உறுதிபூசுதல். காலைலயே கோயிலுக்கு வந்துடறேன்.”

அந்தச் சடங்கில் ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசும்போது, ஞானத்தகப்பன் பின்னால் நின்று பிள்ளையின் தோளில் கை வைக்க வேண்டும். பெனிட்டா ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

டெனிசனின் விரலில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

“வராத டெனிசன்,” என்றான் யாகப்பன். “எம் பொண்ணு மேல அந்தக் கை பட வேணாம்.”