ஐயா தொட்டது

என் கண்ணைக் கெடுத்தவள் வேலாயி என்று பதுளையில் இன்றைக்கும் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று விடுகிற ஆள் நான் இல்லை. என் கண் போனது போதாதா, அந்தப் பழியை ஒரு ஏழையின் தலையில் வேறு கட்டிவிட வேண்டுமா?

எனக்குப் பார்வை இருந்தது ஒரே ஒரு கண்ணில்தான். இடது கண் சிறு வயதில் அம்மை போட்ட அம்மாள் வருத்தத்தோடு போய்விட்டது. மிஞ்சிய வலது கண்ணிலும் கருவிழி வரவர முன்னுக்குத் தள்ளிக் கூம்பாகிக்கொண்டு வந்தது. எந்த மூக்குக்கண்ணாடியும் அதற்குச் சரிவரவில்லை. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நான் எழுதியதை நானே வாசிக்க முடியாமல், பிள்ளைகளை விட்டு வாசிப்பித்துச் சமாளித்தேன். வேலை போகப்போகிறது என்று இருந்த நேரத்தில்தான் கொழும்பிலே கண் டொக்டர் ஜெயரட்ணம் சீமையிலிருந்து ஒரு கொன்ராக்ற் லென்ஸ் எடுப்பித்துப் போட்டுவிட்டார். அறுபத்தோராம் ஆண்டு அது. சுண்டுவிரல் நகத்திலும் சிறிய பிளாஸ்டிக் வில்லை, கருவிழியின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

திரும்பி வரும்போது ரயில் ஹப்புத்தளையைத் தாண்டியதும் எதிர்மலையைப் பார்த்தேன். கொழுந்து பறிக்கிற பெண்களின் தலைத்துண்டுகள் தனித்தனியாகத் தெரிந்தன. பெட்டிக்குள் சனம் இருக்கிறதே என்றும் பாராமல் அழுதேன்.

டொக்டர் கண்டிப்பான மனிதர். நித்திரைக்குப் போகுமுன் கழற்றிவிட வேண்டும் என்றார். எச்சில் தொட்டு நனைக்கக் கூடாது, கொதித்து ஆறின தண்ணீர்தான். கண் கொஞ்சம் சிவந்தாலும் அன்றைக்கு லென்சை மறந்துவிட வேண்டும். சவுக்காரம் போட்டுக் கை கழுவாமல் அதன் பெட்டியைக்கூடத் திறக்கக் கூடாது.

"வேறை ஆரும் தொட்டால், பிள்ளை, ஆர் தொட்டாலும் கழுவித்தான் போட வேணும். கடவுளே வந்து தொட்டாலும் கழுவ வேணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

கடவுள் வரவில்லை. கனகசபை ஐயா வந்தார்.

அவர் என் கணவர் இரகுநாதனின் கந்தோரில் தலைவர். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். பதுளைக் குளிரில் கிடந்தது போதும், ஊருக்கு இடமாற்றம் வேண்டும் என்பது இவருடைய ஒரே நினைப்பு. அதற்குக் கனகசபை ஐயா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐயா தும்மினால் இவர் இங்கே கைக்குட்டையை எடுப்பார்.

என் லென்ஸ் இவருக்கு ஒரு காட்சிப்பொருளாகிவிட்டது. பதுளையில் வேறு யாரிடமும் இல்லாத சாமான் அல்லவா. வீட்டுக்கு யார் வந்தாலும், "இஞ்சேரும், அதை ஒருக்காக் கழட்டிக் காட்டும்" என்பார். வந்தவர்கள் கையில் வாங்கி, மீன் செதில் மாதிரி இருக்கிறதே என்பார்கள். நான் குசினிக்குள் போய், கழுவிப் போட்டுக்கொண்டு வருவேன்.

"நான் என்ன, சேர்க்கஸ் காட்டவா வந்தனான்?" என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"ஒரு சந்தோசத்துக்குத்தானே. இதிலை என்ன குறைஞ்சு போச்சு?" என்றார்.

குசினியில் எனக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துத் தருகிறவள் வேலாயி. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வந்தவள். அவள் தேத்தண்ணி குடிக்க ஒரு தகரக் குவளை, குசினி வாசலுக்கு வெளியே ஆணியில் தொங்கும். உள்ளே இருக்கும் குடிதண்ணீர்க் குடத்தில் தப்பித் தவறி அவள் கை பட்டதை இவர் கண்டால், தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைப் புளி போட்டு விளக்க வைப்பார். கழுவுவதில் அவ்வளவு பிரியம்.

ஒருநாள் இவர் கனகசபை ஐயாவை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். வெலிமடையிலிருந்து லீக்ஸ் வந்தது, ஆட்டிறைச்சி வந்தது. ஐயா வயிறாரச் சாப்பிட்டு, சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, வெற்றிலைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டார். சுட்டுவிரலால் சுண்ணாம்பை வழித்து வெற்றிலையில் தடவிக்கொண்டிருக்கும்போதே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"இஞ்சேரும், ஐயாவுக்கு ஒருக்காக் காட்டும்."

கை கழுவி, கழற்றிக் கொடுத்தேன். ஐயா அதை விரல்களால் பிடித்து, யன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உந்தச் சின்னச் சாமானோ கண்ணுக்குள்ளை நிக்குது? எங்கை பிள்ளை, போடு பாப்பம்."

வாங்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினேன். இவர் எழுந்து வந்து வழியை மறித்தார்.

"எங்கை போறீர்?"

"கழுவிப்போட்டு வாறன்."

"ஐயா தொட்டதைக் கழுவப் போறீரோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "அவர் என்ன நினைப்பார்? இஞ்சையே போடும்."

ஒருவர் தொட்டதை அவர் கண் முன்னாலே கழுவினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலாயிக்கும் தெரியும்.

"என்ன தம்பி, என்ரை கை ஊத்தையோ?" என்றார் ஐயா கதிரையில் இருந்தபடி. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தச் சிரிப்பு இவருக்குப் போதும். என் கையைப் பிடித்துக் கதிரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். லென்ஸ் இல்லாத கண்ணுக்கு அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எங்கே தெரியப்போகிறது? போட்டேன்.

தணலை வைத்தது போல எரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். புதிதாகப் போடும்போது நீர் வடிவது வழக்கம்தானே என்று இவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார்.

"திறவும். ஐயா பாக்கட்டும்."

ஐயா குனிந்து பார்த்தார். அவருடைய வெற்றிலை மூச்சு என் முகத்தில் அடித்தது.

"ஓம் ஓம், வட்டமாய்த் தெரியுது" என்றார்.

அவரைத் தள்ளிவிட்டுக் குசினிக்கு ஓடினேன். வேலாயி என் தலையைப் பிடித்து அமுக்கினாள்.

"குனிங்க டீச்சரம்மா. கண்ண மூடாதீங்க, தொறங்க."

குடிதண்ணீர்க் குடத்தையே தூக்கி என் கண்ணில் ஊற்றினாள். தண்ணீரோடு லென்ஸ் கழன்று அவள் கையில் விழுந்தது.

"வெள்ளையா அப்பியிருக்குங்க. சுண்ணாம்பு" என்றாள்.

பதுளை ஆசுப்பத்திரி, பிறகு கொழும்பு. லென்சுக்கும் கண்ணுக்கும் நடுவே சுண்ணாம்பு மாட்டுப்பட்டுக் கிடந்து கருவிழியைச் சுட்டுவிட்டது என்றார் டொக்டர். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் வெளிச்சம்கூடத் தெரிந்திராதாம். இப்போது வெளிச்சம் தெரிகிறது. ஆள் தெரிவதில்லை, எழுத்துத் தெரிவதில்லை. பள்ளிக்கூடம் அதோடு சரி.

வீட்டுக்கு வந்து, வேலாயி என்று கூப்பிட்டேன்.

"அவளை அனுப்பிப்போட்டன். அவள் கை பட்டுத்தானே இவ்வளவும்" என்றார் இவர், கூசாமல். நான் கத்தியதை எல்லாம் சுவருக்குச் சொன்னது போல எடுத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிறு, கனகசபை ஐயா விஸ்கோத்துப் பெட்டியோடு என்னைப் பார்க்க வந்தார். இவர் அதே கதையை என் முன்னாலேயே அவருக்கும் சொன்னார்.

"அதுதானே. உந்தத் தோட்டத்துச் சனத்தைக் குசினிக்குள்ளை விடப்படாது" என்றார் ஐயா. வெற்றிலைத் தட்டம் கிணுங்கியது.

நான் கையை நீட்டினேன். "ஐயா, உங்கடை வலக்கையை ஒருக்காத் தாருங்கோ."

ஆறுதல் தேடுகிறாள் என்று நினைத்தாராக்கும், தந்தார். சுட்டுவிரலைத் தடவிப் பார்த்தேன். நுனியில் ஈரமாகச் சுண்ணாம்பு.

"இந்த விரல்தான் ஐயா" என்றேன்.

ஐயா கையை இழுத்துக்கொண்டார்.

"இவவுக்குக் கொஞ்ச நாளாய் மனம் சரியில்லை, ஐயா" என்றார் இவர்.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குசினி வாசல் வரைக்கும் போனேன். கூடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடம் அது. தடவினேன்; ஆணியில் வேலாயியின் தகரக் குவளை இன்னும் தொங்கியது. அதை எடுத்து வாளியில் தண்ணீர் மொண்டு, ஐயாவைத் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.

இவர் பின்னால் ஓடி வந்தார்.

"என்ன செய்யிறீர்? ஐயா பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"பாக்கட்டும். அவருக்குக் கண் இருக்கு" என்றேன். திரும்பவும் சவுக்காரத்தை எடுத்தேன்.