மழை படாத பிரேமிளா

கார்த்திகை மாதத்துப் புயலின் கண், திகனவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் நின்றிருந்த பிரேமிளாவின் தலைக்கு மேல் வந்து நின்றது. பிறகு அது அவளை விட்டுப் போகவேயில்லை. அவளைச் சுற்றி ஒரு கோயில் முற்றத்தளவுக்குக் காற்றும் மழையும் ஓய்ந்து, மேலே கொஞ்சம் நீல வானம் தெரிந்தது. அந்த வட்டத்துக்கு வெளியே பலாமரங்கள் வேரோடு சாய்ந்துகொண்டிருந்தன.

புயல் சூட்டில் பிறப்பது. கடல் சூடேறி ஈரக்காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப நாலாபக்கமும் இருந்து காற்று ஓடிவந்து சுழலும். நடுவில் மட்டும் அமைதி இருக்கும். தரையேறினால் அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோல ஆறிப்போகும். அந்தக் கிழமை முழுக்க பிரேமிளாவுக்குக் கடும் காய்ச்சல். மலைநாட்டில் புயலுக்குக் கிடைத்த ஒரே சூடு அவள்தான் என்று அவளுடைய முதலாளி, திகன பஜாரில் புடவைக்கடை வைத்திருந்த சாஹுல் ஹமீது சொன்னார். ஊர் அதையே ஏற்றுக்கொண்டது.

அவள் நகர்ந்தால் வட்டமும் நகர்ந்தது. அதை முதலில் கண்டவர் பக்கத்து வீட்டு இருளப்பன். லயத்துக்குப் பின்னால் மலை தண்ணீர் குடித்துக் குடித்து வீங்கி, சுவர்களில் வெடிப்பு ஓடியிருந்தது. "புள்ள, நீ ரோட்டுப் பக்கமா நட. ஒன் பின்னாடியே நாங்க எல்லாரும் வந்துர்றோம்" என்றார் அவர். கைக்குழந்தைக்காரிகளும் கிழவர்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் நெருங்கினார்கள்.

அவளுடைய புருஷன் கிருஷ்ணராஜ் மட்டும் ஓரத்தில் தயங்கினான். மாட்டுக் கொட்டில் மேட்டில் இருந்தது. மாடு சினை.

"கட்டிப்போட்டுட்டு எப்படி வர்றது? நீ போய்க்கிட்டே இரு, அவுத்துவிட்டுட்டு ஓடியாந்துர்றேன்."

"மாடு கெடக்கட்டும், வாங்க!"

அவன் அதற்குள் மழைக்குள் ஏறிவிட்டான். பிரேமிளா அவன் பின்னால் திரும்பினாள். வட்டம் அவளோடு மேடேற, கீழே வரிசையின் முனையில் நின்றவர்கள் மேல் மழை அடித்தது; ஒருத்தி பிள்ளையோடு வழுக்கி விழுந்தாள். அலறல் கேட்டு பிரேமிளா நின்றாள். அவன் போன திசையைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கினாள்.

அவர்கள் ரோட்டைத் தொட்ட பிறகுதான் மலை சரிந்து லயத்தை மூடியது.

திகன பள்ளிவாசலில் சாஹுல் ஹமீது கதவை அகலத் திறந்துவிட்டு, "செருப்பக் கழட்டிக்கிட்டு நிக்காதீங்க, உள்ளுக்கு வாங்க எல்லாரும்" என்று கத்தினார். வெள்ளம் வடியும்வரை அந்தக் கூரைமேல் ஒரு துளி விழவில்லை. மாடு தானாக பஜாருக்கு இறங்கி வந்தது. அதன் கழுத்துக் கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. கிருஷ்ணராஜை மண்ணிலிருந்து எடுத்து அடக்கம் செய்தபோது, மயானம் முழுக்க மழை பெய்ய, அவன் குழி மட்டும் காய்ந்து கிடந்தது.

காய்ச்சல் விட்ட பிறகும் வட்டம் விடவில்லை. குண்டசாலையில் அவளுக்குக் கிடைத்த வாடகை வீட்டில் கூரைப் பீலியில் மழைத்தண்ணீர் விழாது. மழைக்காலத்திலும் செடிகளுக்கு வாளியில் ஊற்ற வேண்டும். அயலார் ஈரத்துணிகளைக் கொண்டுவந்து அவள் கொடியில் போட்டார்கள். மழையில் ஒருமுறை நனைய வேண்டும்போல இருந்து அவள் வேலிக்கு வெளியே ஓடியிருக்கிறாள். மழை ஒதுங்கி வழிவிட்டது. அன்று மேடேறியிருந்தால் புருஷன் பிழைத்திருப்பாரா, இல்லை அத்தனை பேரும் போயிருப்பார்களா என்று யோசிப்பாள். ஓர் இரவு ஒன்று சரியாகப்படும், மறு இரவு மற்றது.

பின்னொரு வருடம் வானொலியில் அடுத்த புயலின் பெயரைச் சொன்னார்கள். அன்று பின்னேரமே பாயும் தலையணையுமாக பஸ்ஸிலும் ஆட்டோவிலும் சனங்கள் அவள் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு பெண் வாசலில் சூடம் ஏற்றப் பார்த்தாள்.

"அதப் பைக்குள்ள வைங்கக்கா, நான் என்ன சாமியா? அரிசி கொண்டாந்தீங்களா?"

பெரிய பானை அடுப்பில் ஏறியது. சுற்றிலும் காற்று ஊளையிடத் தொடங்கியபோது வேலியோரத்தில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் படுத்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு அவர்களுக்கு இடம் விட்டார்கள்.