மூன்று பேர் சீட்டில் அட்ஜஸ்ட்

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸில் நிசார் அகமது ஏறியபோது உட்கார இடமில்லை. தோளில் சீலை மூட்டை, இடது முழங்காலில் வாதம். அத்தனை வளைவையும் நின்றே கடந்தால் நாளைக்குக் கால் தரையில் ஊன்றாது. வூடு வூடாக ஏறி விற்கிறவருக்குக் காலும் கடையும் ஒன்றுதான்.

மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் ஒட்டிக்கொள்வது அந்தத் தடத்தின் எழுதாத சட்டம். ஓரத்து ஆளிடம் குனிந்தார்.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அந்த ஆள் மாதேஸ்வரன், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். இம்மியும் நகரவில்லை. "அட்ஜஸ்ட்னா என்னன்னு தெரியுங்களா பாய்?"

நாற்பது வருடம் பேரம் பேசிய நிசாருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. இடம் கொடுக்க மாட்டார்; பேச்சை மட்டும் படியில் குவித்து, தலைதட்டாமல் அளப்பார்.

"தெரியாதுங்களே. சொல்லுங்க சார்."

"லத்தீன்ல பொறந்து, பிரெஞ்சுக்காரன் வழியா வந்த வார்த்தை. அசல் அர்த்தம் கிட்டக் கொண்டுவர்றது. நியாயத்துக்கு அவன் வெச்சிருந்த வார்த்தையும் இதே சாயல்ல இருந்துச்சா, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுட்டாங்க. சரிப்படுத்தறதுங்கற அர்த்தமும் ஒட்டிக்கிச்சு."

"அப்ப நியாயம் பொறவு வந்து ஒட்டிக்கிட்டதுங்களா? எங்க யாவாரத்துலயும் அப்படித்தாங்க."

முன் சீட்டில் இருந்த நர்ஸ் கோகிலவாணி திரும்பினாள். "புருஷன் வூட்ல அடி வாங்கிட்டு வர்ற பொண்ணுகிட்டயும் அதைத்தான சார் சொல்றாங்க? அது கிட்டக் கொண்டுவர்றதா, சரிப்படுத்தறதா?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அது வேற விசயம்மா. மெஷினை அட்ஜஸ்ட் பண்ணலாம், கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணலாம்..."

"பின்னாடி இருக்கறவங்களுக்கும் கேக்கட்டும் சார்," என்றார் நிசார், வெகு பணிவாக.

முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்து பாடம் நடத்தியறியாத வாத்தியார் உடம்பு. தானாக எழுந்தது. ஒரு கை கம்பியைப் பிடிக்க, மறு கை இல்லாத சாக்பீஸைப் பிடித்துக் காற்றில் எழுத ஆரம்பித்தது. பஸ் முழுக்கத் தலையாட்டியது. நிசார் சீலை மூட்டையை மடியில் வைத்து, வலித்த காலை மெல்ல நீட்டிக்கொண்டார்.

பாடம் முடிந்து வாத்தியார் திரும்பினார். "இது என் எடம்."

"நீங்களாத்தானங்க எந்திரிச்சீங்க?"

எழுந்தவன் இடம் விட்டவன். அந்தத் தடத்தில் அதற்கு மேல்முறையீடு கிடையாது. வாத்தியார் கண்டக்டரைப் பார்த்தார். அவர் டிக்கெட் கட்டைப் பார்த்தார். தலையாட்டியவர்கள் எல்லோருக்கும் திடீரென்று ஜன்னலுக்கு வெளியே ஏதோ தெரிந்தது.

"நல்லா சொல்லிக் குடுத்தீங்க சார்," என்றாள் கோகிலவாணி. "இன்னும் நாலு வார்த்தை சொல்லுங்க. ஊர் வர்றதுக்கு நேரம் கெடக்கு."